அடுத்த வாரம்

பதுளை பசாரில் வைரவன்பிள்ளை கடையில்
நெத்தலி சுற்றித் தருவது
சீமையின் பழைய சித்திரக்கதைப் புத்தகங்களில்.
கொழும்புத் துறைமுகத்தில் தொன் கணக்கில் இறங்கி
கோச்சியேறி வந்த கழிவுத்தாள்.
மூலையில் விலை இன்னும் இருந்தது, பதினாறு பென்ஸ்.
அட்டையில் இலவசப் பரிசு ஒட்டியிருந்த இடத்தில்
டேப்பின் மஞ்சள் தழும்பு.
கழன்று போனது விசிலா, ரப்பர் சிலந்தியா என்று
சன்னாசியும் நானும்
ஒரு மழைக்காலம் முழுக்கச் சண்டை பிடித்தோம்.

நூறு கிராமை ஒரே சரையாய் வாங்கினால் ஒரு தாள்.
ஐம்பது ஐம்பதாய் வாங்கினால் இரண்டு.
எனக்குத் தெரிந்த கணக்கு அவ்வளவுதான்.
அம்மாவுக்குக் கடைசிவரை விளங்கவில்லை
எங்கள் வீட்டு நெத்தலி ஏன் எப்போதும்
இரட்டைப் பிள்ளையாய் வருகிறதென்று.

அடுப்பு மேட்டில் தாளை விரித்துக் காயவைப்போம்.
செதில் மினுங்கும் வானத்தின் கீழே
ஒற்றைக்காது கோல்கீப்பர்,
பள்ளிக்கூட அலுமாரிக்குள் குதிரை வளர்க்கும் பெண்,
சாக்கடைக்குள் நீர்மூழ்கி ஓட்டும் பால்காரன்.
எழுத்துக்கூட்டத்தான் தெரியும், அர்த்தம் தெரியாது.
விழுகிறவன் தலைக்கு மேல் கொட்டை எழுத்தில்
ஆர்ர்க் என்று இருக்கும்.
அது அவன் பெயர் என்று நினைத்தோம்.
அடுத்த பக்கத்தில் வேறொருவன் விழுந்தான், அவனும் ஆர்ர்க்.
போலீஸ்காரன், வாத்தியார், பூனை,
எல்லாரும் ஆர்ர்க்.
பெரிய குடும்பம் போல, என்றான் சன்னாசி.

கடைசிக் கட்டத்தில் அவர்கள் தேத்தண்ணி குடித்தார்கள்.
அது மட்டும் உடனே விளங்கியது.

எண்பத்து மூன்று ஆடியில் கடை எரிந்தது.
லயத்துக் கோடியிலிருந்து பார்த்தோம்.
புகை, படத்தில் வருவது போலவே
உருண்டையாய் எழும்பியது.
உள்ளே எழுத்து ஒன்றும் இல்லை.

பிறகு நெத்தலி பொலித்தீன் பையில் வந்தது,
வேறு கடையிலிருந்து.

சன்னாசி குடும்பத்துக்கு இந்தியா பாஸ்போர்ட் வந்த கிழமை
மிச்சமிருந்ததில் முழுசான ஒரே புத்தகத்தின்
இரண்டு கம்பிகளையும் குண்டூசியால் நெம்பினோம்.
அன்றைக்குத்தான் தெரிந்தது,
ஐந்தாம் பக்கத்தை எடுத்தால்
இருபத்தெட்டும் கூடவே வருமென்று.
தாளுக்குத் தாள் மாறி மாறி எடுத்தோம்.
நீர்மூழ்கி கம்பிவலையில் முட்டப்போகும் பக்கம் எனக்கு.
அதற்குக் கீழே இரண்டே சொல்:
அடுத்த வாரம்.

அந்த அடுத்த வாரத்தை
கோச்சி புறப்படுமுன் அவனே சொல்லி முடித்தான்.
சாக்கடை கடலுக்குப் போகும், கடல் மலைக்கு ஏறும்,
பால்காரன் எங்கள் பீலிக்குள்ளால் தலை நீட்டி
பிந்திவிட்டதா என்று கேட்பான்.
கடல் எப்படி மலைக்கு ஏறும் என்றேன்.
கோச்சி ஏறவில்லையா என்றான்.

கூடலூரிலிருந்து ஒரே ஒரு தபாலட்டை வந்தது.
'இங்கே கடையில் சுற்றித் தருவது தமிழ்ப் பேப்பர்.
எல்லாம் விளங்குகிறது.
அதனால் வாசிப்பதில்லை.'

போன வருசம் எல்லவில்
வெள்ளைக்காரப் பயணிகள் தங்கும் வீட்டில்
குழாய் திருத்தப் போனேன்.
யாரோ விட்டுப்போன புத்தக அடுக்கில்
அடுத்த வாரம் இருந்தது.
நாற்பது வருசம் பிந்தி, மீன் வாசம் இல்லாமல்.
இப்போது எனக்கு இங்கிலீசு வாசிக்க வரும்.
பால்காரன் கட்டிலிலிருந்து விழுந்து முழிக்கிறான்.
எல்லாம் கனவாம்.
மூன்றே கட்டத்தில் முடித்துவிட்டார்கள்.
முந்தின இதழும் கிடந்தது. எங்களுடையது.
அட்டையில் பரிசின் பெயர் போட்டிருந்தது.
விசிலும் இல்லை, சிலந்தியும் இல்லை,
சீப்பு.

இதைச் சொல்ல சன்னாசியின் விலாசம் என்னிடம் இல்லை.

எங்கள் பீலியில் இன்றைக்கும்
விடியலில் தண்ணீர் வருமுன்
குழாய் ஒருதரம் செருமும்.
அது காற்று. என் தொழிலே அதுதான், தெரியும்.
இருந்தாலும் சோப்புக் கையோடு
கொஞ்சம் விலகி நிற்பேன்,
வழி விட்டு.